மார்க் மூன்று, நட்சத்திரம்

சேசு மரி சூசை

கம்பைநல்லூர் அஞ்சல்
10-10-1965

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: வியாகுலம்மாளின் இளைய குமாரன் யாகப்பனாகிய நான், நேற்று மாலை முதல் நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை முழுவதுமாகக் கைப்பற்றிவிட்டேன். தலைமாடு, கால்மாடு, வலப்பக்கம், இடப்பக்கம் எல்லாம் இனி என் ஆட்சி. இதில் பாதிக்குச் சொந்தக்காரரான இன்னாசி என்பவர் இரண்டு வருடமாக வடக்கே போய்த் துப்பாக்கி செய்துகொண்டிருப்பதால் அவருடைய பாதி பறிமுதல் செய்யப்பட்டது. டம் டம் டம்.

அன்புள்ள அண்ணா, டமாரம் முடிந்தது. இனி கடிதம். இங்கு நான், அம்மா, பெட்டைக்கோழி மூவரும் சுகம். உன் சுகத்தை நீயாக எழுதமாட்டாய் என்பதால் நானே ஊகித்துக்கொள்கிறேன்.

முதல் செய்தி: இந்த மாதம் இரண்டாம் தேதியிலிருந்து நாம் சேலம் ஜில்லாவில் இல்லை, தருமபுரி ஜில்லாவில் இருக்கிறோம். ஒரு சட்டிபானையைக்கூடத் தூக்காமல் குடும்பத்தோடு ஜில்லா மாறிவிட்டோம். அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு வண்டிக் கூலி எதுனா கேப்பாங்களாடா?" என்றாள்.

இரண்டாம் செய்தி: பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்துவிட்டேன். கையில் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். 303! இரும்பில் மார்க் மூன்று என்று குத்தி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் குத்தியிருக்கிறது. நன்றாகச் சுடுகிற ஆளுக்குத்தான் நட்சத்திரத் துப்பாக்கி கொடுப்பார்கள் போலிருக்கிறது. நேற்று எங்கள் டிரில் வாத்தியாரே, "டேய் யாகப்பா, நீ தூக்கிப் புடிச்சா முன்னாடி நிக்க எனக்கே பயமா கீதுடா" என்றார். ஆளைப் புரிந்துகொள்.

துப்பாக்கித் தொழிற்சாலை என்பதால் வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் ஆபீசில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆகவே, உனக்கு முன்னால் இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, தாங்கள் சௌக்கியமா? போனமுறை உறையைத் திரும்ப ஒட்டியபோது பசை மூக்குச்சளிபோல ஒழுகியிருந்தது. நிஜமாகவே சளி என்றால் மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள்.

கிறிஸ்துமசுக்கு வருவாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. எனக்குக் கட்டில் முக்கியம்.

இப்படிக்கு,
முழுக் கட்டிலின் அதிபதி
யாகப்பன்

*

சேசு மரி சூசை

(ஊர்ப் பெயர் எழுத அனுமதி இல்லை)
2-11-1965

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அம்மாவுக்குச் சொல்.

நட்சத்திரம் பரிசு இல்லை. முதல் உலகச் சண்டையில் மார்க் மூன்று துப்பாக்கி ஏராளமாகத் தேவைப்பட்டது. சீக்கிரம் செய்து முடிக்க, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றிய பாகங்களை விட்டுவிட்டார்கள். அப்படிச் செய்ததைக் காட்டத்தான் நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தால் ஏதோ ஒன்று குறைகிறது, ஆனாலும் சுடும் என்று அர்த்தம்.

என்னைப் புதுப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே (இதற்குப் பின் மூன்று வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது)

வேறு விசேஷம் இல்லை.

இன்னாசி

(கடிதத்தின் அடியில், பென்சிலில், வேறு கையெழுத்தில்: சளி இல்லை.)

*

சேசு மரி சூசை

கம்பைநல்லூர் அஞ்சல்
14-11-1965

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் சுகம். அம்மாவுக்கு வழக்கமான முட்டிவலி, கோழிக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம், முட்டையை எல்லாம் நான் எடுத்துவிடுகிறேன்.

உன் கடிதம் என் உள்ளங்கை அளவு. அதிலும் மூன்று வரி காக்கை நிறம். ஆனால் அம்மாவுக்குக் கால் மணி நேரம் படித்துக் காட்டினேன். எப்படி என்று கேட்காதே, அது தொழில் ரகசியம். உங்கள் தொழிற்சாலைக்கு மட்டும்தான் ரகசியம் இருக்குமா?

கல்லறைத் திருநாளன்று அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி வைத்தோம். போன வருடம் வரைக்கும் காற்று அணைக்காமல் நீ கையால் மறைப்பாய் என்று அம்மா சொன்னாள். போன வருடமும் நீ இல்லை. நான் திருத்தவில்லை.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். நட்சத்திரம் பற்றி நீ சொன்னதை வாத்தியாரிடம் சொல்லவில்லை. பரிசு என்றே இருக்கட்டும். ஒரு சந்தேகம்: 303 நன்றாகத்தானே சுடுகிறது? நான் தினமும் சுடுகிறேன், எனக்குத் தெரியாதா? அப்புறம் எதற்குப் புதுப் பிரிவு, புதுத் துப்பாக்கி?

பென்சில் ஐயாவுக்குச் சளி இல்லை என்று அறிந்து கம்பைநல்லூரே மகிழ்ந்தது. ஐயா சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்? அங்கே களி கிடைக்குமா?

இப்படிக்கு,
குறி தவறாத யாகப்பன்

*

சேசு மரி சூசை

5-12-1965

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். களி கிடைக்காது.

தோட்டா மாறிவிட்டது. புதியது நீளம் குறைவு, அழுத்தம் அதிகம். அதற்கென்று, சுட்ட புகையின் வேகத்திலேயே அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி வந்திருக்கிறது. அது எல்லாச் சிப்பாய்க்கும் சேர நாளாகும். அதுவரைக்கும் பழைய 303-ஐயே புதுத் தோட்டாவுக்குத் தகுந்தாற்போல் செய்கிறோம். வெளியே பார்த்தால் அதே ஆள்தான். உள்ளே எஃகு வேறு, இன்னும் கெட்டி. தோட்டாப் பெட்டி சதுரமாகிவிட்டது. குறி பார்க்கும் தகட்டில் இரண்டாயிரம் வரைக்கும் எண் போட்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? இப்போது எண்ணூறோடு நிறுத்திவிட்டோம்.

செய்து முடித்த துப்பாக்கியில், வழக்கத்தைவிடப் பலமான தோட்டா போட்டுச் சுட்டுப் பார்ப்பது என் வேலை. தாங்கினால் முத்திரை. சில தோட்டா உடனே வெடிக்காது. அப்போது அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பேசாமல் நிற்க வேண்டும். என் வேலையில் பாதி அப்படி நிற்பதுதான்.

கிறிஸ்துமசுக்கு லீவு இல்லை.

இன்னாசி

*

சேசு மரி சூசை

கம்பைநல்லூர் அஞ்சல்
27-12-1965

அன்புள்ள அண்ணனுக்கு, சுகம். கோழி காலமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் குழம்பாக.

துப்பாக்கி என்றால் மட்டும் உனக்குப் பத்து வரி வருகிறது. அடுத்த பிறவியில் நான் துப்பாக்கியாகப் பிறந்து உனக்குக் கடிதம் போடுகிறேன்.

கோவில் குடிலில் ஏரோது ராஜாவுக்குப் பயந்து மாதாவும் சூசையப்பரும் காவல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அட்டையில் ஒரு சிப்பாய் செய்து, தோளில் 303 மாட்டி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டேன். பாதிப் பூசை வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ராயம்மா அத்தை முழந்தாளிட்டுக் கும்பிட்டவள், "அய்யோ சாமி, போலீசு!" என்று கத்திவிட்டாள். சாமியார் என் காதைத் திருகிய திருகலில் இன்னும் மணி அடிக்கிறது. ஆனால் சிப்பாயை எடுக்கவில்லை அண்ணா. நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

தீர்த்தமலை அடிவாரத்தில் என்.சி.சி. முகாம் நடந்தது. மலையைப் பார்த்துச் சுட்டோம். ஐந்து குண்டு கொடுத்தார்கள். ஐந்தும் நடுப்புள்ளியில். என் அட்டையைக் கழற்றி எல்லாருக்கும் காட்டினார்கள். பெரிய துப்பாக்கிக்காரனின் தம்பி என்றால் சும்மாவா?

அம்மா மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவதையும் நானே தின்று முடித்தேன். ஆகவே நீ வராதது எனக்கு லாபமே.

பென்சில் ஐயாவுக்கும் பண்டிகை வாழ்த்து.

யாகப்பன்

*

சேசு மரி சூசை

20-2-1966

என் உயிருக்குயிரான தம்பி யாகப்பனுக்கு அண்ணன் இன்னாசி அன்புடன் எழுதிக்கொண்டது. நான் இங்கு நல்ல சுகம். அங்கு உன் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆவல். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? பனி போகும்வரை விடியலில் குளிர்ந்த தண்ணீரில் நிற்க விடாதே. இந்த வருடம் மழை இல்லை, அரிசி கிடைப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுது.

வேலை அதிகம், அதனால்தான் இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று நினைக்காதே. ஆபீஸ் வேலைக்குப் போடுவார்கள் போலிருக்கிறது, அழகாக எழுதிப் பழகுகிறேன். குடிலில் நீ நிறுத்திய சிப்பாயை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சந்தைக்குப் புதுப்புளி வந்துவிட்டதா? தருமபுரியில் மாசி மாதம் தெருவெல்லாம் புளி வாசனையாக இருக்குமே! இங்கே எல்லாம் கடுகெண்ணெய் வாசனைதான்.

உடனே பதில் எழுது தம்பி. உன் கடிதம் வராவிட்டால் பொழுது நகர்வதில்லை.

உன் அன்பு அண்ணன்
இன்னாசி

*

சேசு மரி சூசை

கம்பைநல்லூர் அஞ்சல்
3-3-1966

அன்புள்ள அண்ணனுக்கு, அனைவரும் சுகம். உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "பெரியவனுக்கு இப்பத்தான் பாசம் வந்து கீது" என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு சந்தோஷச் செய்தி. நம் செவலைப்பசு கன்று ஈன்றுவிட்டது! நீ ஊரைவிட்டுப் போன அன்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அதே செவலைதான். கிடாரிக்கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. உனக்கு எப்படி இருக்கிறது இதைக் கேட்க? விவரமாக எழுது.

யாகப்பன்

*

சேசு மரி சூசை

25-3-1966

அன்புத் தம்பிக்கு, சுகம். சுகமறிய ஆவல்.

செவலை கன்று ஈன்ற செய்தி படித்துக் கண் கலங்கிவிட்டது. அன்று அதன் கழுத்தைத் தடவியது இன்னும் என் கையில் இருக்கிறது. சீம்பாலை அம்மா வெல்லம் போட்டுக் காய்ச்சினாளா? கன்றை வெயிலில் கட்டாதே. நல்ல பெயராக வை.

உன் அண்ணன்
இன்னாசி

*

கம்பைநல்லூர் அஞ்சல்
2-4-1966

பென்சில் ஐயாவுக்கு,

எங்களிடம் பசு இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

'சளி இல்லை' என்று எழுதிய கையும், கன்றை வெயிலில் கட்டாதே என்று எழுதிய கையும் ஒன்று. அந்தப் பென்சில் எழுத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்பே எனக்குத் தெரியும். எங்கள் அண்ணன் யார் சுகத்தையும் விசாரிக்கிற ஆள் இல்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் இரண்டு வருடமாக அவன் கடிதத்தைப் படிக்கும்போது, 'முட்டிவலி எப்படி இருக்கிறது அம்மா, நேரத்துக்குச் சாப்பிடு அம்மா' என்று நானாகச் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். நான் சேர்க்கிறதெல்லாம் அப்படியே எழுதி வந்திருந்தது. என் வேலையை வேறு யாரோ செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

அண்ணன் எங்கே ஐயா? இருக்கிறானா? அதை மட்டும் எழுதுங்கள். அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. செவலை வருகிற வரிகளை விட்டுவிட்டுத்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

யாகப்பன்

*

24-4-1966

தம்பி யாகப்பனுக்கு, கவுஸ் பாஷா எழுதுவது.

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறான். முதலில் இதை இரண்டு முறை படித்துவிட்டு மேலே போ.

நான் இங்கே கடிதப் பிரிவில் குமாஸ்தா. தருமபுரிக்காரன்தான், வந்து வெகுகாலமாகிவிட்டது. இந்தத் தொழிற்சாலையில் தமிழ் தெரிந்த குமாஸ்தா நான் ஒருவன்தான், அதனால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் இல்லை. டிசம்பரில் துப்பாக்கி பற்றி அவன் எழுதிய பத்து வரியை அடிக்க மனம் வராமல் விட்டதும் நான்தான்.

ஜனவரியில் உன் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இன்னாசியிடம், "உன் தம்பி கடிதம் வந்திருக்கு. சாயந்திரச் சங்கு ஊதுறதுக்குள்ள வந்து வாங்கிக்க, அப்புறம் ஜன்னலை மூடிடுவேன்" என்றேன். நாளைக்குக் கொடுத்தால் என்ன? அந்தச் சிரிப்பை அவன் முகத்தில் அன்றைக்கே பார்க்க எனக்கு ஆசை.

அவன் அன்றைய கடைசித் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தானாம். தோட்டா வெடிக்கவில்லை. பொறுத்து நிற்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாததா? மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனே அவன்தான். சங்கு ஊதிவிட்டது. திறந்துவிட்டான். திறந்த கையோடு வெடித்தது.

யார் சுகத்தையும் விசாரிக்காதவன் என்று எழுதியிருந்தாய். அவன் உன் கடிதத்துக்காகத்தான் ஓடி வர இருந்தான், தம்பி.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகும்போது, "சுகம்னு ரெண்டு வரி போட்டுடுங்க பாய், அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். இரண்டு வரியோடு நிறுத்த எனக்குத் தெரியவில்லை. என் மனைவி ஹமீதுன்னிசா மவுத்தான பிறகு எனக்கென்று கடிதம் வருவதில்லை. நீ கேலிக்குத்தான் என் சளியைக் கேட்டாய், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டவன் நீ ஒருவன்தான். பசுவைப் பற்றி எழுதும்போது நிஜமாகவே கண் கலங்கினேன். இல்லாத பசு என்று தெரிந்த பிறகும் அந்தக் கன்றை மறக்க முடியவில்லை.

அவன் திரும்பி வந்துவிட்டான். எழுதச் சொல்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். அம்மாவின் முட்டிவலியை மட்டும் இனியும் கேட்கலாமா?

கவுஸ் பாஷா

*

சேசு மரி சூசை

22-5-1966

தம்பி,

நானேதான் எழுதுகிறேன். கோடு கோணலாகப் போகும்.

இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. பெரிய எழுத்து தெரிகிறது. மரப் பிரிவில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். துப்பாக்கிக் கட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. அதற்குக் கை போதும். மூன்று மாதம் லீவு இருக்கிறது. பாய், ஊருக்குப் போ என்கிறார்.

வரலாமா தெரியவில்லை. அம்மா முன்னால் இப்படி எப்படி நிற்பது? தடுக்கி விழுந்தால் நீ பிடிக்க வேண்டும். நீயும் தனியாக இருந்து பழகிவிட்டாய். கட்டிலும் உன்னுடையதாகிவிட்டது.

அம்மா முட்டிவலி எப்படி?

இன்னாசி

*

சேசு மரி சூசை

கம்பைநல்லூர் அஞ்சல்
5-6-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு எழுதியிருக்கிறேன். பாயிடம் கொடுக்காமல் நீயே படி.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். முதல் தடவையாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. முட்டிவலி எப்படி என்று நீயே கேட்டிருந்ததால் சேர்க்க வேண்டியும் இருக்கவில்லை. பாய் எழுதியதையும் சேர்த்துப் படித்தேன். அம்மா எழுந்து போனாள். அடுப்பை ஊதினாள், அடுப்பில் நெருப்பே இல்லை. அப்புறம், "கண்ணு போனா போவுது, ஆளு வரட்டும்டா. நான் என்ன அவனை வச்சு ஊசியா கோக்கப் போறேன்?" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். பாயையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். புளியில் ஒரு பானை அவருக்கு என்று எடுத்துவைத்தாகிவிட்டது. மூட்டையை நீ பிடித்துக்கொள், உன்னை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.

எப்படி நிற்பது என்று கேட்கிறாய். உனக்கு ஒரு நட்சத்திரம் குத்திவிட்டார்கள், அவ்வளவுதானே? இன்னாசி மார்க் ஒன்று, நட்சத்திரம். ஏதோ ஒன்று குறைகிறது, ஆனாலும் சுடும் என்று நீதானே எழுதினாய்? அப்பா போனபோதே நம் வீட்டுக்கும் ஒன்று குத்தியாகிவிட்டது. இரண்டாயிரம் தூரம் யார் கண்ணுக்குத் தெரியும் என்று எண்ணூறுக்குக் குறைத்தீர்கள். நம் வீட்டில் எண்ணூறு எதற்கு? கட்டிலிலிருந்து அம்மாவின் அடுப்பு எட்டு அடி.

தடுக்கி விழுந்தால் பிடிக்க நான் இருக்கிறேன் என்று எழுத நினைத்தேன். அதற்கு முன் என்னைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்துகொள். எங்கள் பள்ளிக்கூடத்து 303-இல் தோட்டா போடுகிற இடத்தில், சுட முடியாதபடி துளை போட்டு வைத்திருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு நடக்க மட்டும்தான். ஒரு நாளும் அதில் நான் சுட்டதில்லை. முகாமில் கொடுத்தது சின்னத் துப்பாக்கி. சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். ஐந்தும் பக்கத்துப் பையன் வெங்கடாசலத்தின் அட்டையில் போய் விழுந்தன. ஐந்து குண்டு சுட்டவன் அட்டையில் ஒன்பது ஓட்டை! என் அட்டையை எல்லாருக்கும் காட்டினார்கள் என்று எழுதினேனே, அது நிஜம். அதில் ஒரு கீறல்கூட இல்லை, அதனால்தான் காட்டினார்கள். வாத்தியார் என் முன்னால் நிற்கப் பயந்ததும் நிஜம்தான். நான் தூக்கினால் அது யார் தலையில் இடிக்கும் என்று எனக்கே தெரியாது.

கடைசியாக, கட்டில்.

முழுவதையும் கைப்பற்றிவிட்டேன் என்று டமாரம் அடித்தேன் அல்லவா? அது பெரிய பொய். கயிறு தொய்ந்து நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. தூக்கத்தில் உருண்டால் உன் பக்கம் போய்விடுவேன். அதனால் நீ போன நாளிலிருந்து என் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேதான் படுக்கிறேன். உன் பக்கம் அப்படியே இருக்கிறது. விடியும்போது கை மரத்துப்போகிறது, அண்ணா. சீக்கிரம் வந்து படு, நான் கையை விட வேண்டும்.

இப்படிக்கு,
எப்போதும் அரைக் கட்டில்காரனான
யாகப்பன்